பழைய வீட்டில் சுடுதண்ணீர் சுற்றும் பம்ப்: டைமர் வேண்டாம், பட்டன் போதும்

குழாயில் ஆறிக் கிடக்கும் தண்ணீரை ஹீட்டருக்கே திருப்பி அனுப்பும் பம்ப் இது. பெட்டியின் மேல் "திறந்தவுடன் சுடுதண்ணீர்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. திறந்தவுடன் வருவது வெதுவெதுப்பான தண்ணீர்தான். சுடுவது அதற்குச் சில வினாடிகள் கழித்து. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றபடி இந்தப் பம்பைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம்தான். கோபமெல்லாம் அதோடு சேர்த்துக் கொடுக்கிற டைமரின் மேல்.

எங்கள் வீட்டில் ஹீட்டர் டேங்க் பின்கட்டில் இருக்கிறது. அத்தை குளிக்கிற அறை வீட்டின் மறுகோடியில். கட்டின காலத்தில் அங்கே குளியலறையே கிடையாது, பிறகு ஒட்டுப்போட்டது. நடுவில் 14 மீட்டர் முக்கால் இஞ்ச் செம்புக் குழாய், அதற்கப்புறம் 6 மீட்டர் அரை இஞ்ச். முக்கால் இஞ்ச் குழாய் மீட்டருக்கு ஏறக்குறைய 0.3 லிட்டர் பிடிக்கும், அரை இஞ்ச் அதில் பாதி. கூட்டிப் பார்த்தால் ஐந்து லிட்டருக்குச் சற்று மேல். அந்த ஐந்து லிட்டர் வெளியே போனதும் சூடு வந்துவிட வேண்டும் என்பது காகிதக் கணக்கு. நடப்பது வேறு. குழாயின் உலோகம் முதலில் தன் பங்குச் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். பின்னால் வருகிற சுடுதண்ணீர் முன்னால் ஆறிக் கிடப்பதோடு கலக்கும். அதனால் ஒன்றரை மடங்காவது போக வேண்டும். வாளியில் பிடித்து அளந்தேன்: எட்டரை லிட்டர்.

இன்னொரு விஷயமும் இதில் சேர்ந்துகொண்டது. பழைய குழாய்முனைகளை மாற்றி, தண்ணீரை மிச்சம் பிடிக்கும் நுரைமுனைக் குழாய்களாகப் போட்டிருந்தோம். நிமிஷத்துக்கு 10 லிட்டர் கொட்டின இடத்தில் இப்போது 5 லிட்டர். ஆறிய தண்ணீர் என்னவோ அதே எட்டரை லிட்டர்தான். எனவே காத்திருப்பு ஒரு நிமிஷத்திலிருந்து இரண்டு நிமிஷத்தை நெருங்கிவிட்டது. தண்ணீர் மிச்சம் பிடிக்கப் போட்ட குழாய், சுடுதண்ணீர் விஷயத்தில் ஒரு சொட்டும் மிச்சம் பிடிக்கவில்லை. மூட்டுவலிக்காரர் அத்தை. இரண்டு நிமிஷம் நிற்கப் பொறுமையில்லாமல் குளிர்ந்த தண்ணீரிலேயே கையைக் கழுவிக்கொண்டு வந்துவிடுவார். பம்ப் வாங்கியது அவருக்காகத்தான்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கடைசிக் குழாயிலிருந்து ஹீட்டருக்குத் தனியாக ஒரு ரிட்டர்ன் லைன் இழுத்து, ஆறிய தண்ணீரைப் பம்ப் வைத்துத் திரும்பக் கொண்டுவருவது. இதுதான் சரியான முறை, மறுபேச்சில்லை. சுவரை உடைத்துப் பெரிய வேலை நடக்கிற சமயத்தில் இருப்பவர்கள் வேறு எதையும் யோசிக்காமல் ஓர் அரை இஞ்ச் லைனை இழுத்துவிடுங்கள். இரண்டாவது, எங்களைப் போல் சுவரைத் தொட மனமில்லாதவர்களுக்கானது: குளிர்ந்த தண்ணீர் லைனையே ரிட்டர்னாகப் பயன்படுத்துவது. ஹீட்டரின் வெளிவாயில் பம்ப். தூரத்து வாஷ்பேசினுக்கு அடியில், சுடுதண்ணீர் லைனுக்கும் குளிர்ந்த லைனுக்கும் நடுவே ஒரு வால்வு. சூடு பட்டால் விரிந்து தானே மூடிக்கொள்ளும் ரகம் அது. குழாயில் ஆறிய தண்ணீர் நிற்கும்வரை வால்வு திறந்திருக்கும். பம்ப் அந்தத் தண்ணீரைக் குளிர்ந்த லைனுக்குள் தள்ளும், அது சுற்றிப் போய் ஹீட்டரின் உள்வாயில் சேரும். ஏறக்குறைய உடம்புச் சூட்டுக்குத் தண்ணீர் வந்ததும் வால்வு மூடிக்கொள்ளும். வால்வுக்கு மின்சாரம் வேண்டாம், வாஷ்பேசின் பக்கம் ஒயர் இழுக்கிற வேலை மிச்சம். திறந்தவுடன் வெதுவெதுப்பாக மட்டும் வருவதன் காரணமும் இதுதான்: வால்வு மூடுகிற சூடு அவ்வளவே.

வாங்கும்போது நான் பார்த்தது ஒன்றே ஒன்று, பம்பின் உடம்பு எதில் செய்தது என்பது. கட்டடங்களை வெதுப்பும் மூடிய சுற்றுகளுக்கென்று வார்ப்பிரும்புப் பம்புகள் விற்கிறார்கள், விலையும் மலிவு. மூடிய சுற்றில் அதே தண்ணீர் மறுபடி மறுபடி ஓடுவதால் ஆக்சிஜன் தீர்ந்துபோய்த் துரு நின்றுவிடும். குளியலறைக்குப் போகும் லைனில் தினமும் புதுத் தண்ணீர் வரும், புது ஆக்சிஜனும் வரும். வார்ப்பிரும்பு அதில் உதிர்ந்துபோகும். வெண்கலம் அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உடம்பாகவே கேளுங்கள். அப்புறம், பெரிய பம்ப் வாங்கினால் சீக்கிரம் சூடு வரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 60 டிகிரியைத் தாண்டிய தண்ணீர் செம்புக் குழாயில் வினாடிக்கு 0.9 மீட்டருக்கு மேல் ஓடாமல் பார்த்துக்கொள்வது பிளம்பிங் தொழிலில் உள்ள வழக்கம். அதைவிட வேகமாக நாள் முழுக்க ஓடினால் குழாய் திரும்புகிற எல்போக்களின் உள்சுவர் அரித்து ஊசித் துவாரம் விழும். சுவருக்குள் விழுந்தால் தெரியவும் தெரியாது. எங்களுடையது 25 வாட் பம்ப், உள்ளங்கையில் அடங்கும். இந்த அளவு வீட்டுக்கு அதுவே தாராளம்.

பொருத்தும் நாளில் பம்பைப் பார்த்துப் பிளம்பர் தம்பி பயப்படவே இல்லை. வாஷ்பேசினுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் முகம் சுருங்கியது.

"அக்கா, பம்பு சின்ன வேலை. இந்த ஆங்கிள் வால்வைத் தொடத்தான் எனக்குப் பயமா இருக்கு."

பயத்துக்கு நியாயம் இருந்தது. வருஷக்கணக்கில் யாரும் திருகாத ஆங்கிள் வால்வு, திருகினதும் தண்டின் வழியாகக் கசிய ஆரம்பிக்கும். இல்லாவிட்டால் கழுத்தோடு முறியும். பழைய கேட் வால்வு இன்னும் மோசம், தண்டு மட்டும் சுற்றும், உள்ளே இருக்கும் தகடு கழன்று நடுவழியில் உட்கார்ந்துகொள்ளும். வீட்டு மெயின் வால்வும் அப்படிப்பட்டதுதானா என்று முதலில் பார்த்துவிட்டு, வாஷ்பேசின் ஆங்கிள் வால்வு இரண்டையும் புதிதாக வாங்கி வைத்துக்கொண்டு ஆரம்பித்தோம். பழைய வீட்டுக்காரர்கள் இந்தச் செலவைப் பம்பின் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுவது நல்லது.

ஹீட்டர் பக்கம் ஒரு மீட்டர் நீளம் இன்னும் பழைய ஜிஐ குழாயாகவே, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பாகவே இருந்தது, அதற்கப்புறம்தான் செம்பு. ஜிஐயையும் செம்பையும் நேரடியாக முடுக்கினால் இரண்டு உலோகத்துக்கும் இடையே மின்வேதி அரிப்பு வந்து ஜிஐ பக்கம் கரையும். நடுவில் மின்சாரம் கடத்தாத யூனியன் போட்டார் தம்பி. பம்புக்கு இருபுறமும் பால் வால்வு வைக்கச் சொன்னேன், நாளைக்குப் பம்பை மட்டும் கழற்ற வேண்டி வந்தால் டேங்கை வடிக்க வேண்டாம். இந்தப் பம்பின் மோட்டார் தண்ணீருக்குள்ளேயே சுழல்வது, பேரிங்குக்கு மசகும் அந்தத் தண்ணீர்தான். அதனால் தண்டு படுக்கைவசமாக இருக்க வேண்டும். இடம் பார்க்க முதலில் வந்த வேறொருவர் தண்டு மேலே பார்க்கிற மாதிரி நிறுத்திவிடலாம் என்றார். கையேட்டில் பெருக்கல் குறி போட்ட படத்தைக் காட்டினேன். "அது சும்மா போட்டிருப்பாங்க மேடம்" என்றார். அவரை அத்தோடு அனுப்பிவிட்டேன். அதே காரணத்தால், தண்ணீர் நிரப்பிச் சுடுதண்ணீர்க் குழாய்களைத் திறந்துவிட்டு, இருமலும் தும்மலுமாக வருகிற காற்றெல்லாம் போன பிறகே பம்புக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். வறண்டு சுழன்றால் பேரிங் போச்சு. பிளக் பாயிண்ட் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இருப்பதால், கசிவு மின்சாரத்தைக் கண்டதும் விழுகிற பிரேக்கர் அந்த லைனில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி டைமர்.

பம்போடு வந்தது ஒரு வட்டத் தட்டு. சுற்றிலும் குட்டிக் குட்டி ஊசிகள், ஒவ்வொன்றும் 15 நிமிஷம். காலையும் மாலையும் குளிக்கிற நேரத்துக்கு ஊசியைத் தள்ளி வைத்துவிட்டால் பம்ப் தானே ஓடும். எங்கள் வீட்டில் ஒரே நேரத்தில் குளிக்கிறவர்கள் இருந்தால்தானே? என் வீட்டுக்காரருக்கு ஷிப்ட் வேலை, வாரம் ஒரு நேரம். அத்தைக்கு ராத்திரி இரண்டு மணிக்கும் கை கழுவ வேண்டியிருக்கும். எல்லாருக்கும் பொருந்த வைக்கப்போனால் ஊசிகள் முக்கால்வாசி உள்ளே போய்விடும், அதாவது நாள் முழுக்க ஓடும்.

ஓடட்டுமே, 25 வாட் தானே என்றுதான் பெட்டியும் சொல்கிறது. 25 வாட் பம்ப் 24 மணி நேரம் ஓடினால் 0.6 யூனிட், அது சின்ன விஷயம்தான். பெட்டி சொல்லாதது குழாய் இழக்கிற சூடு. மேலுறை இல்லாத முக்கால் இஞ்ச் செம்புக் குழாயில் 50 டிகிரித் தண்ணீர், வெளிக்காற்று 20 டிகிரி என்றால் மீட்டருக்கு ஏறக்குறைய 20 வாட் காற்றில் போகிறது. 14 மீட்டருக்கு 280 வாட். ஒரு முழு நாளுக்கு 6.7 யூனிட்! தூரத்து முனையில் சூடு குறைவு என்பதால் உண்மையில் இதைவிடக் கொஞ்சம் குறையும். இருந்தாலும் பம்ப் தின்பதைப்போல் பல மடங்கு. சுவரையும் கூரைக்கடியையும் இரவும் பகலும் வெதுப்பிக்கொண்டிருப்பதற்குத்தான் அந்தச் செலவு.

மாறாக, தேவைப்படும்போது மட்டும் ஒரு தடவை குழாயை நிரப்பி, பிறகு ஆறவிட்டால்? அந்த ஐந்து லிட்டர் 50 டிகிரியிலிருந்து 20க்கு இறங்குவதில் போவது, குழாயின் உலோகத்தையும் சேர்த்து, 0.2 யூனிட்டை ஒட்டி. ஒரு நாளில் எட்டுத் தடவை நிரப்பினாலும் ஒன்றரைச் சொச்சம். பம்ப் ஓடும் நேரம் எல்லாம் சேர்த்துக் கால் மணியை ஒட்டித்தான் இருக்கும்.

ஆகவே டைமரை "எப்போதும்" என்ற நிலையில் வைத்துவிட்டேன். பம்பின் பிளக்கை ஒயரில்லாப் பட்டனால் இயங்கும் ஒரு சுவிட்சில் செருகினேன். அழுத்தினால் இரண்டு நிமிஷம் ஓடித் தானே அணையும். பட்டன் குளியலறை வாசலில், அத்தையின் கை எட்டும் உயரத்தில். அழுத்திவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போவதற்குள் குழாயில் தண்ணீர் தயார். அழுத்த மறந்தால் பழையபடி காத்திருக்க வேண்டியதுதான். இதை ஒரு குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. ஆள் வந்தால் தானே உணர்ந்து ஓடுகிற சென்சார் போடலாம் என்றும் சொன்னார்கள். நடைவழியில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் பம்ப் ஓடும், எனக்கு அது பிடிக்கவில்லை. தண்ணீரின் சூடு ஏறுவதைக் கண்டதும் அந்தக் கணமே நின்றுவிடுகிற, பட்டனோடு சேர்ந்த பம்புகள் தனியாகவே கிடைக்கின்றன. தூரத்து வாஷ்பேசினுக்கு அடியில் வைப்பது அது. அங்கே பிளக் பாயிண்ட் இருக்கிறவர்கள் அதையே வாங்கலாம், என்னைப்போல் ஒட்டுவேலை செய்யத் தேவையில்லை.

குழாய்க்கு மேலுறை போடுவதைப் பம்போடு பிறந்த வேலையாக நினையுங்கள். 13 மில்லிமீட்டர் தடிமன் நுரைக்குழல் போட்டால் சூட்டிழப்பு மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கமாக இறங்கிவிடும். எங்கள் குழாயில் கைக்கு எட்டியது கூரைக்கடியில் இருந்த 10 மீட்டர் மட்டுமே, மீதி சுவருக்குள். அந்தப் பத்து மீட்டருக்கே வித்தியாசம் தெரிகிறது. ஒருவர் குளித்துவிட்டு வந்த கொஞ்ச நேரத்தில் அடுத்தவர் போனால் பட்டனே வேண்டியிருப்பதில்லை. எல்போ வரும் இடங்களில் நுரையைச் சாய்வாக வெட்டி ஒட்டுங்கள், அங்கே செம்பு வெளியே தெரிந்தால் சூடு அந்த வழியாகப் போகும்.

இனி இந்த இரண்டாவது வகையின் பெரிய குறைக்கு வருகிறேன். கண்டுபிடித்தது அத்தை.

"ஏம்மா, பச்சைத்தண்ணி பைப்புல வெந்நீர் வருது, நீ பாத்தியா?"

வெந்நீர் இல்லை, வெதுவெதுப்பு. ஆனால் வருகிறது. வால்வு மூடுகிறவரை வெதுவெதுப்பான தண்ணீர் குளிர்ந்த லைனுக்குள் போகத்தான் செய்யும், அந்த லைன்தானே ரிட்டர்ன். டைமர் ஓடின நாட்களில் நாள் முழுக்க இப்படித்தான் இருந்தது. பட்டனுக்கு மாறியபின் பம்ப் ஓடி முடிந்த சற்று நேரத்துக்கு மட்டும். முகம் கழுவ இது ஒரு பொருட்டில்லை. குடிக்கிற தண்ணீர் என்றால் பேச்சே வேறு. டேங்கின் அடியில் கசடு சேர்ந்திருக்கும். பழைய வீட்டுச் செம்புக் குழாய்களின் பற்றவைப்பில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம், சுடுதண்ணீர் ஈயத்தைக் குளிர்ந்த தண்ணீரைவிடச் சுலபமாகக் கரைக்கும். குடிக்கவும் சமைக்கவும் ஹீட்டர் வழியாக வந்த தண்ணீரை எடுக்கக்கூடாது என்பதற்குக் காரணம் அதுவே. அந்த வால்வைச் சமையலறைச் சிங்க்குக்கு அடியில் பொருத்தினால், குளிர்ந்த குழாயைத் திறக்கிறவர் தெரியாமல் அதைத்தான் பிடிப்பார். நாங்கள் குளியலறையில் பொருத்தினோம். சமையலறைக்குக் குளிர்ந்த தண்ணீர் மெயினிலிருந்து தனிக் கிளையாக வருகிறது, பம்ப் சுற்றுகிற வழியில் அது இல்லை. உங்கள் வீட்டில் எப்படிக் கிளை பிரிகிறது என்று பார்க்காமல் வால்வைப் பொருத்தச் சொல்லாதீர்கள்.

கிளை பிரிவதில் இன்னொன்று. வால்வு இருக்கிற கிளைக்குத்தான் சுடுதண்ணீர் வந்து நிற்கும். எங்கள் சமையலறைக்குச் சூடு முன்பைவிடக் கொஞ்சம் சீக்கிரம் வருகிறது, முதல் ஐந்து மீட்டர் பொதுக்குழாய் என்பதால். அதற்கு மேல் எதிர்பார்த்தால் இன்னொரு வால்வு வாங்க வேண்டும்.

சத்தத்தைப் பற்றிப் பலர் புகார் சொல்கிறார்கள். பம்ப் பக்கத்தில் நின்றால் ஒன்றும் கேட்காது. குழாயைச் சுவரோடு இறுக்கிய கிளாம்ப் வழியாக முனகல் பரவித் தூரத்து அறையில் கேட்கும். பம்பை ஒட்டிய இரண்டு கிளாம்புகளை ரப்பர் வைத்ததாக மாற்றினோம், நின்றுவிட்டது.

ஹீட்டரின் சூட்டைக் குறைத்துச் செலவைச் சரிக்கட்டலாம் என்று தோன்றும். வேண்டாம். லெஜியோனெல்லா என்ற கிருமி 20 முதல் 45 டிகிரி வரையிலான தண்ணீரில் பெருகும். வெதுவெதுத் தண்ணீர் சுற்றிக்கொண்டிருக்கிற குழாய் அதற்கு வசதியான இடம். டேங்க் 60 டிகிரியில் இருக்கட்டும். 60 டிகிரித் தண்ணீர் சில வினாடிகளில் தோலைச் சுட்டுவிடும் என்பதால், முதியவர்களும் குழந்தைகளும் குளிக்கிற இடத்தில் சூட்டை மட்டுப்படுத்தும் கலப்பு வால்வு ஒன்று கட்டாயம். எங்கள் பம்பின் விலையில் பாதி அதற்கே போனது. அதில் எனக்கு வருத்தமில்லை.

யாருக்கு வேண்டாம்? ஹீட்டருக்கும் குழாய்க்கும் நடுவே ஐந்தாறு மீட்டர்தான் என்றால் வேண்டாம், மேலுறை மட்டும் போடுங்கள். தூரத்தில் இருப்பது ஒரே ஒரு வாஷ்பேசின் என்றால் அதனடியில் ஒரு குட்டி மின்சார ஹீட்டர் போதும். டேங்க் இல்லாத உடனடி ஹீட்டர் வைத்திருப்பவர்கள் வாங்குமுன் ஹீட்டரின் கையேட்டைப் பாருங்கள். நிமிஷத்துக்குக் குறிப்பிட்ட அளவு தண்ணீர் ஓடினால்தான் அது பற்றும், இந்தச் சின்னப் பம்ப் தள்ளுகிற அளவுக்குப் பற்றாமல் போகலாம். சுற்றுப் பம்ப் வைத்தால் உத்தரவாதத்தைக் குறைக்கிற தயாரிப்புகளும் உண்டு. குளிர்ந்த லைன் முழுக்க ஜிஐயாக, உள்ளே துரு அடைத்துப் பாதி வழியே மிச்சமிருக்கிற வீடுகளுக்கு, குழாயை மாற்றின பிறகு பம்பைப் பற்றி யோசிக்கலாம்.

எங்கள் குளிர்ந்த லைனும் ஜிஐதான், அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் அவ்வப்போது துருத்துகள் கிளம்பி வருகிறது. வால்வின் வாயில் ஒரு மெல்லிய வலை இருக்கிறது, அதில் போய் அடைத்துக்கொள்ளும். கழற்றிப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிப் போட்டால் சரியாகிவிடும். வலையைத் தாண்டி உள்ளே துகள் புகுந்து வால்வு மூடாமல் நின்றுவிட்டால்தான் தொந்தரவு. அப்போது பம்ப் ஓடாத நேரத்தில்கூடக் குளிர்ந்த தண்ணீர் சுடுதண்ணீர் லைனுக்குள் புகும், வீடு முழுக்க எந்தக் குழாயைத் திறந்தாலும் மந்தமான சூடு. ஹீட்டர் கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்: பம்பையும் ஹீட்டரையும் அணைத்துவிட்டு, ஹீட்டருக்குப் போகும் குளிர்ந்த லைன் வால்வை மூடுங்கள். பிறகு சுடுதண்ணீர்க் குழாய் ஒன்றைத் திறங்கள். கொஞ்சம் வழிந்து நின்றுவிட்டால் வால்வு நன்றாக இருக்கிறது. நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் குளிர்ந்த தண்ணீர் எங்கோ குறுக்கே புகுகிறது. வாஷ்பேசினுக்கு அடியில் இருக்கும் வால்வைத்தான் முதலில் கழற்ற வேண்டும். அது மட்டும் தனியாகவும் கிடைக்கிறது, பம்பை மாற்ற வேண்டியதில்லை.